ஊருக்குச் சொன்ன சலக்கல்

1

முலை என்ற சொல்லை நான் இதில் பல இடங்களில் எழுதப்போகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கூச்சமாக இருந்தால் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். புராணப் படிப்பில் அம்பாளின் அங்க வர்ணனையைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்கிற நமது பெரிய மனிதர்களுக்கு, வீட்டுப் பெண்ணுக்கு அதே இடத்தில் ஒரு கட்டி வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கப்பலேறி லண்டன் வந்து, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட பிறகும் அப்படித்தான்.

நான் நயினாதீவில் பிறந்தவள். சுருவிலில் வாழ்க்கைப்பட்டேன். கணவருக்குப் பின்னால் இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அவர் கணக்கியல் படிக்க வந்தவர். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதி, கடைசியில் ரயில்வேக் கந்தோர் வேலை ஒன்றில் இருந்துவிட்டார். ஊருக்கு இன்றைக்கும் அவர் கணக்காளர்தான். நான் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதை ஊருக்கு நாங்கள் சொல்வதில்லை. ஆக, ஊருக்கு ஒன்றும் எங்களுக்கு வேறொன்றுமாகக் கதை வைத்திருப்பது எங்கள் வீட்டில் புதுப் பழக்கம் அல்ல.

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்த ஒன்றினால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைச் சொல்ல முதல் போன வருடத்துக் கதையைச் சொல்லவேண்டும்.

2

கட்டியை நான் குளியலறையில் கண்டேன். இடது முலையின் மேற்பக்கம், அக்குளுக்குக் கிட்ட, ஒரு புளியங்கொட்டை அளவில் கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகவில்லை என்பதாலேயே எனக்குப் பயம் வந்தது. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் செய்த காரியம் சமையலறைக் கதவைச் சாத்தியதுதான். வீட்டில் எங்கள் மகள் வாணியைத் தவிர வேறு யாரும் இல்லை.

“உதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்,” என்றார். “தம்பிராசா வீட்டுக்கு மட்டும் தெரியவே கூடாது.”

தம்பிராசா அண்ணை இவருடைய சிநேகிதர். எங்கள் தீவுப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் இங்கே அவர்தான் கோயில், அரசாங்கக் கச்சேரி, நீதிமன்றம் எல்லாம். ஊரில் வைத்தியப் படிப்புக்கு எடுபடாமல் போனவர். அந்தக் குறையை எங்கள் எல்லோருக்கும் வைத்தியம் சொல்லித் தீர்த்துக்கொள்கிறார். அவருடைய அண்ணன் மகன் ஒருவனுக்கு வாணியைக் கேட்டிருந்தார்கள். சாதகம் கைமாறியிருந்தது. தாய்க்கு இப்படி ஒரு வருத்தம் என்றால் மகளுக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் என்று கதை கட்டி, சாதகத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்பது இவருடைய பயம். இவர் பயந்தது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். நமது சனத்தை எனக்கும் தெரியும்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதை மறைக்க முடியாது. ஒரே தெருவில் ஐந்தாறு வீடு நமது ஆட்கள். ஆகவே எனக்கு ஒரு வருத்தம் தேவைப்பட்டது. கௌரவமான, வம்சத்தைத் தொடராத, வெளியே சொல்லக்கூடிய வருத்தம். இவர் நன்றாக யோசித்து எனக்குச் சலக்கல் என்று முடிவு செய்தார். சிறுநீரகத்தில் கல்.

அந்தக் கிழமையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சலக்கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் நமது சனத்தில் ஒருவரும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவர் முள்ளங்கிச் சாறு குடிக்கச் சொன்னார். ஒருவர் தக்காளியைத் தொடவே கூடாது என்றார். தம்பிராசா அண்ணையின் மனைவி பவளம் பெரிய போத்தல் ஒன்றில் பார்லித் தண்ணீர் அவித்துக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள். நல்ல மனம் உள்ளவள். முலையில் கட்டியை வைத்துக்கொண்டு நான் மற்றவர்களின் மருந்தை எல்லாம் குடித்தேன்.

3

நோகாத கட்டிக்கு நான் ஏன் பயந்தேன் என்று சொல்கிறேன்.

என் அம்மாவின் கடைசித் தங்கையைக் குஞ்சியம்மா என்று கூப்பிடுவோம். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்ததற்கு அடுத்த வருடம் நடந்தது இது. குஞ்சியம்மாவின் புருஷன் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தார். சித்திரைக்கும் திருவிழாவுக்கும் வந்து போவார். குஞ்சியம்மா நயினாதீவில் எங்களோடு இருந்தா.

திருவிழாவுக்கு முன் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போனா. அங்கே நேர்த்திக்காரருக்கு வெள்ளித் தகட்டில் அடித்த உருவங்கள் விற்பார்கள். கண் வருத்தம் என்றால் கண், கால் வருத்தம் என்றால் கால், பிள்ளை வேண்டுமென்றால் பிள்ளை. வாங்கிக் கோயில் அம்மாளுக்குக் கொடுத்தால் வருத்தத்தை அவ எடுத்துக்கொள்ளுவா. குஞ்சியம்மா தட்டில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தா. கடைக்காரர் என்ன வேணும் பிள்ளை என்று கேட்டார். அவ, கை ஒன்று தாங்கோ என்றா.

வழியில், கையிலே என்ன வருத்தம் என்று கேட்டேன். அவ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்துச் சட்டைக்கு மேலால் வைத்துக் காட்டினா. கல்லுப்போல இருந்தது.

“நோகுதோ?” என்று கேட்டேன்.

“நோகேல்லை. அதுதானே, ஒண்டுமாயிராது,” என்றா.

அந்தத் தட்டில் கண்ணும் காலும் கையும் இருந்தன. முலை இல்லை. செய்து தரச் சொல்லி நகை வேலை செய்கிற ஒரு பத்தரிடம் கேட்க அவவுக்கு வாய் வரவில்லை. ஆகவே முலையில் வந்த வருத்தத்துக்கு அம்மாளிடம் கையைக் கொடுத்தா. தெய்வத்துக்கே வருத்தத்தை மாற்றிச் சொல்கிற சனம் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்குமோ தெரியாது. அம்மாளும் ஒரு பெண்தானே என்று கூட அவவுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் எல்லோரும் அதைக் கைவருத்தம் என்றே சொன்னார்கள். பிறகு உண்மையாகவே கையும் வீங்கியது. வள்ளம் ஏறிக் குறிகட்டுவானுக்குப் போய் பஸ் பிடித்தால் பகலுக்குள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்த என் மாமா ஒருவர் வீட்டிலேயே இருந்தார். ஆம்பிளை டொக்டர் சட்டையைக் கழற்றிப் பார்ப்பான், குடும்ப மானம் என்னாவது என்று சொன்னவரும் அவர்தான். குடும்ப மானத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அடுத்த திருவிழாவுக்குக் குஞ்சியம்மா இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்த மாமாவை மன்னிக்க மனமில்லை. அவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அப்படியிருந்தும்.

4

ஆஸ்பத்திரியில் முலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எப்படி என்று நமது பெண்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. நடுவில் முலையை வைத்து நெரிக்கிறார்கள். நோகும். தாங்கக்கூடிய நோவுதான். எடுத்தவள் ஒரு பெண். என் பெயரைக் கொலை செய்து கூப்பிட்டாலும் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இவருக்கு இருமல் வந்து நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தை எப்படியோ கேட்டு வாங்கிவந்து முன் அறை யன்னலில் செருகி வைத்திருந்தார். வந்தவர் போனவர் எல்லோரும் இவருடைய விலா எலும்பைப் பார்த்துத் தேநீர் குடித்தார்கள். தம்பிராசா அண்ணை ஒரு பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கம் சொன்னார். என் படம் எப்படி இருக்கும் என்று பார்க்க இவர் ஆசைப்படவே இல்லை. ஆம்பிளையின் எலும்பு ஊருக்குப் பொது, பெண்ணின் சதை புருஷனுக்கும் வேண்டாம்.

முடிவு சொல்லக் கூப்பிட்ட நாளில் இவரும் வந்தார். டொக்டர் உயரமான, களைத்துப்போன மனிதர். என்னை ஒருதரம் பார்த்தார், என் சேலையை ஒருதரம் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தே முழுவதையும் பேசினார். முலை என்னுடையது, பேச்சு அவர்கள் இருவருடையதும். இதில் வெள்ளைக்காரனும் சுருவில்காரனும் நல்ல ஒற்றுமை.

வெளிச்சப் பெட்டியில் என் படம் இருந்தது. டொக்டர் சொன்னது இது. படத்தில் கெட்டதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் வயதுப் பெண்களின் முலை படத்தில் வெள்ளையாகவே விழும், கட்டியும் வெள்ளையாகவே விழும், ஆகவே அதற்குள் இது மறைந்து கிடக்கலாம். கட்டி இருப்பது விரலுக்குத் தெரிகிறது. விரலுக்குத் தெரிகிற கட்டியைப் படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக விடக்கூடாது. பெரும்பாலான கட்டிகள் கெட்டவை அல்ல. இது எந்த வகை என்று படம் சொல்லாது, வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இவர் என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகத் தமிழில் சொன்னார்.

“படத்திலை ஒண்டும் இல்லையாம். பயப்பிடத் தேவையில்லை. எழும்பும், போவம்.”

இவர் பொய் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது. இவர் முதல் வசனத்தோடு காதை மூடிவிட்டார். வாழ்நாள் முழுக்கச் சோதனை எழுதின மனிதருக்கு முடிவு என்றால் இரண்டே வகை, பாஸ் அல்லது பெயில். படம் பாஸ் என்றதும் மற்றதெல்லாம் இவருக்கு வெறும் சம்பிரதாயப் பேச்சு. படம் பாஸாகி நான் பெயிலாகலாம் என்று இவருடைய புத்திக்கு எட்டவில்லை.

இவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குகிறவள் ஒரு ஜமேக்காக்காரி. அவளிடம் நான் ஆங்கிலம் படித்திருந்தேன். வீட்டில் பேசமாட்டேன், இவர் திருத்துவார் என்பதால். இவர் இருக்கும் இடத்தில் வெளியாரோடு நான் பேசுவதும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது பழக்கம் இல்லை.

அன்றைக்குப் பேசினேன். எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கில மரியாதை அது ஒன்றுதான். “டொக்டர் லவ், நீங்கள் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கினது. எப்ப வெட்டுவீங்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. டொக்டர் முதல்தரமாகத் தன் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

5

வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயவில்லை. கட்டியைப் பற்றிய சண்டை அல்ல, லவ் என்று சொன்னதைப் பற்றி. அது ஓய்ந்த பிறகு இவர் விஷயத்துக்கு வந்தார். படம் சுத்தமாக இருக்கும்போது என்னத்துக்கு வெட்டு? மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு தை மாதத்தில் முற்றாகிவிடும். அதற்குப் பிறகு பார்க்கலாம். இவரும் பயந்துதான் இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. பயத்தில் சில ஆண்கள் அழுவார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒத்திவைப்பார்.

அடுத்தநாள் மாலை வெளியே போய்வந்தார். தெளிவான முகம்.

“தம்பிராசா அண்ணையும் வெட்டத் தேவையில்லை எண்டுதான் சொல்லுறார்.”

“அவருக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?”

“கல்லு எண்டுதான். படத்திலை கல்லு தெரியேல்லை, ஆனா டொக்டர் வெட்டிப் பார்க்கச் சொல்லுறார், என்ன செய்யலாமெண்டு கேட்டனான். படத்திலை இல்லையெண்டால் கரைஞ்சு போச்சாம். வெள்ளைக்காரருக்கு வெட்டுறதெண்டால் நல்ல விருப்பமாம்.”

இவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இல்லாத கல்லுக்கு, வைத்தியம் படிக்காத ஒருவர் சொன்ன தீர்ப்பை, இருக்கிற கட்டிக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார். மனச் சமாதானமும் அடைந்துவிட்டார். என் குஞ்சியம்மா அம்மாளுக்குக் கையைக் கொடுத்தா. இவர் தம்பிராசா அண்ணைக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பெயர் படிப்பு.

வாணி மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தமிழ் அவளுக்கு விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். சாப்பாட்டு மேசைக்கு வந்து, “அப்பா, அது முலை. சிறுநீரகம் இல்லை,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இவர் காதைப் பொத்தாத குறை. இந்த நாட்டில் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஊருக்கு எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. அன்றைக்கு அந்தக் கெட்டுப்போன பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வெட்டுக்குக் கையெழுத்து வைக்க நானும் வாணியும்தான் போனோம். சாவுக்குப் பயந்தேன். அதைவிட, குஞ்சியம்மா மாதிரி வேறொரு வருத்தத்தின் பெயரில் சாவதற்குப் பயந்தேன்.

6

கட்டி கெட்டது. புற்று. படத்தில் தெரியாதது நுணுக்குக்கண்ணாடிக்குக் கீழே தெரிந்தது. சிறிதாக இருக்கும்போதே வந்தாய், தை வரைக்கும் காத்திருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். இம்முறை என்னைப் பார்த்துச் சொன்னார். இடது முலையை எடுத்தார்கள்.

இவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை நான் மறக்கமாட்டேன். அழுது முடித்துவிட்டு, தம்பிராசாவுக்கு என்ன சொல்லுறது என்று கேட்டார். அதையும் மறக்கமாட்டேன்.

வெட்டினது என்று சொன்னால் தம்பிராசா அண்ணையின் சொல்லைத் தட்டினதாகிவிடும். ஆகவே நான் ஆஸ்பத்திரியில் சோதனைக்குப் படுத்திருந்தேன் என்றும், பவளத்தின் பார்லித் தண்ணீரில் கல் தானாகக் கரைந்துவிட்டது என்றும் ஊருக்குச் செய்தி போனது. பவளத்தின் கைராசி பெரிய கதையாகிவிட்டது. நயினாதீவில் இருக்கும் என் தம்பிக்கும் இவர் சலக்கல் என்றே எழுதியிருந்தார். அவன் சிறுநீரகத்துக்கு வெள்ளி உருவம் தேடிக் கிடைக்காமல் வயிறு ஒன்று வாங்கி அம்மாளுக்குக் கொடுத்தானாம். எங்கள் வீட்டிலிருந்து அவவுக்குப் போன இரண்டாவது பொய் அது.

நானும் பேசாமல் இருந்தேன். உடம்பு தேறவேண்டும், சண்டை போடத் தெம்பில்லை. சட்டைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு பழகினேன். மாப்பிள்ளை கடைசியில் ஜேர்மனியில் வேறு சாதகம் பொருந்திப் போய்விட்டார். வாணி அவருடைய பெயரையே கேட்டு வைத்திருக்கவில்லை.

7

இனி போன சனிக்கிழமை.

பிறந்தநாள் வீட்டில் ஆண்கள் முன் அறையில் கோழிக்காலும் கையுமாக அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். கோட்டுகள் குவித்துக் கிடந்த படுக்கையறைக்குப் பவளம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். இளைத்திருந்தாள். கதவைச் சாத்தினாள். சாத்துகிற விதத்திலேயே எனக்கு ஏதோ தட்டியது.

“அக்கா, உங்களுக்கு அண்டைக்குச் சலக்கல்லு கிடந்ததெல்லோ. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனனீங்கள்?”

“ஏன், உமக்கும் சலக்கல்லோ?”

“ஓம்,” என்றாள். இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

“எந்தப் பக்கம்?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் சேலைத் தலைப்பை எடுத்து, சட்டையின் கொளுக்கியைக் கழற்றி, பஞ்சை வெளியே எடுத்துக் கோட்டுகளுக்கு மேலே வைத்தேன்.

“எனக்குச் சலக்கல்லு வந்ததே இல்லை, பவளம். இதுதான் வந்தது.”

அவள் தழும்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்துவிட்டாள். மூன்று மாதமாகக் கட்டி இருக்கிறதாம். எக்ஸ்ரே எடுத்ததாம். படத்தில் ஒன்றும் இல்லையாம். வெட்டிப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொன்னாராம்.

“பிறகேன் வெட்டேல்லை?”

“இவர் வேண்டாமெண்டிட்டார். உங்கட அவரைக் கேட்டவராம். கட்டி எண்டு சொல்ல ஏலாதுதானே, சலக்கல்லு எண்டுதான் கேட்டவர். உங்கட வீட்டிலையும் படத்திலை ஒண்டும் தெரியேல்லையாம், வெட்டாமலே கரைஞ்சதாம் எண்டு உங்கட அவர் சொன்னவராம்.”

நான் பஞ்சை எடுத்து உள்ளே வைத்துச் சட்டையைப் பூட்டினேன். அவள் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்காரரும் தம்பிராசா அண்ணையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் இவர், போவமோ என்று எழும்பப் பார்த்தார்.

“தம்பிராசா அண்ணை,” என்றேன். “பவளத்துக்கு முலையிலை கட்டி. எனக்கும் அதுதான் வந்தது. படத்திலை தெரியேல்லை, வெட்டிப் பார்க்கப் புற்று. என்ரை ஒரு முலையை எடுத்தாச்சு. திங்கக்கிழமை இவவை நான் கூட்டிக்கொண்டு போறன்.”

கோழிக்கால்கள் தட்டுக்குத் திரும்பின. பிறந்தநாள் பிள்ளை மட்டும் ஊதுகுழலை ஊதியது. தம்பிராசா அண்ணை இவரைப் பார்த்தார், இவர் அவரைப் பார்த்தார். இல்லாத கல்லுக்கு ஒருவருக்கொருவர் வைத்தியம் சொன்ன இரண்டு பேர்.

“உங்களுக்கு வெட்டினதோ?” என்று தம்பிராசா அண்ணை கேட்டார். என்னிடம் இல்லை. இவரிடம்.

திங்கட்கிழமை பவளமும் நானும் பஸ்ஸில் போனோம். டொக்டர் அதே ஆள்தான். பவளத்துக்கு ஆங்கிலம் வராது, நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். அவர் சொன்னதில் ஒரு வசனத்தையும் விடவில்லை. அவளுக்கு வெட்டு வருகிற வியாழக்கிழமை. கெட்டதோ நல்லதோ என்று இதை எழுதும்போது தெரியாது. தம்பி, இதை வாசித்தால் நீ கோயிலடிப் பத்தரிடம் போ. பவளத்தின் பெயருக்கு வெள்ளியில் ஒரு முலை அடித்துத் தரச் சொல்லு. முலை என்றே சொல்லிக் கேள்.